மூக்கியின் இரண்டாம் பானை

அவள் வென்றதையெல்லாம் அவளுடைய அண்ணன் வரிசை மாறாமல் சொல்வான். சின்ன வயதில் வந்த காய்ச்சலை வென்றாள். அந்தக் காய்ச்சல் போகும்போது உயிரை அவளிடமே விட்டுவிட்டு மோப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு கெட்டுப்போன பாலையும் கசிகிற கேஸ் அடுப்பையும் வென்றாள். பாலை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அடுப்புக் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பாள். வாசனை தெரியாதவள் வைத்த சாப்பாட்டை எப்படி வாயில் வைப்பது என்று கேட்ட மாமியாரை வென்றாள். இப்போது அந்த அம்மாள் வேறு யார் சமைத்தாலும் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறார். இலை வெட்டும் கொட்டகையிலிருந்து முற்றத்தைத் தாண்டி, எண்ணெய் வடிக்கும் வடிகூடத்துக்குள் கால் வைத்தாள். கடைசியாக, இரண்டாம் பானையை வென்றாள்.

மற்றவற்றை அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வான். இரண்டாம் பானையைச் சொல்ல வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். ஏனென்றால் அது நடந்தபோது அவன் சுவருக்கு இந்தப் பக்கம் பாய்லருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் நின்ற பானையை வெடிக்கவைக்க இருந்த ஆவி, அவன் மூட்டிய தீயிலிருந்து போனது.

அது வாசனை எண்ணெய் வடிக்கும் இடம். ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தகரக் கூரை போட்ட மூன்று கட்டடங்கள், நடுவில் ஒரு முற்றம். எலுமிச்சைப் புல்லும் தைல மர இலையும் புதினாவும் லாரியில் வந்து இறங்கும். ஒரு கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து இலையை வெட்டுவார்கள். அது வடிகூடத்துக்குப் போய், ஆள் உயரப் பானையில் அடுக்கப்படும். பானை என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறார்களே தவிர, அது கனமான எஃகுத் தொட்டி. மூடியைப் போட்டுச் சுற்றிலும் போல்ட் முடுக்கிவிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்து பாய்லரிலிருந்து ஆவி குழாய் வழியாகப் பானையின் அடிக்கு வரும். இலைகளுக்குள் புகுந்து, இலையிலிருக்கும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு, மூடியின் கழுத்துக் குழாய் வழியாக மேலே போகும். கழுத்துக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், அங்கே தண்ணீர் ஓடும் குளிர்தொட்டிக்குள் சுருள் சுருளாக இறங்கும். சுருளுக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகி, எண்ணெயும் நீருமாகச் சேர்ந்து, மறுபடி சுவர் வழியாக உள்ளே வந்து ஒரு கண்ணாடிக் குடத்தில் விழும். எண்ணெய் மேலே மிதக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாம் இவ்வளவுதான். இவ்வளவையும் மூக்கை வைத்து நடத்தியவர் மேஸ்திரி. மூடியின் ஓரத்தில் மூக்கைக் கொண்டுபோவார். எங்காவது கசிந்தால் அங்கே போல்ட்டை ஒரு சுற்று முடுக்கச் சொல்வார். குடத்தை முகர்வார், போதும், ஆவியை நிறுத்து என்பார். வெளியே நின்று ஆகா என்ன வாசனை என்று யாராவது பாராட்டினால் அவருக்கு வயிறு எரியும். "தெருவே மணக்குதுன்னா என் எண்ணெய் தெருவுல போகுதுன்னு அர்த்தம்டா" என்று உள்ளே ஓடுவார். அவருடைய இன்னொரு பெருமை குளிர்தொட்டி. அதிலிருக்கும் தண்ணீரைக் கொப்பளித்தால் பல் கூச வேண்டும். அப்படி இருந்தால்தான் ஒரு துளி ஆவிகூடத் தப்பாது என்பது அவர் கணக்கு. இதுவரை அந்த இடத்தில் வடித்த எந்த இலைக்கும் அந்தக் கணக்கு பொய்த்ததில்லை.

தங்கைக்கு 'மூக்கி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இல்லாத ஒன்றை வைத்துப் பட்டப்பெயர் வைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அவள் கோபித்துக்கொண்டதில்லை. "எனக்கு மூக்கு இல்ல, உங்களுக்கு முடி இல்ல. நான் ஏதாவது பேர் வெச்சேனா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். இலைக் கொட்டகை முழுக்கச் சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். ஆனால் பட்டப்பெயர் போகவில்லை.

அண்ணனுக்கு மட்டும் அவளுடைய மூக்கால் ஒரு லாபம் இருந்தது. பாய்லர் வேலை முடிந்து வியர்வையும் புகையுமாகப் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். "குளிக்காம வந்தாலும் என் பக்கத்துல உட்கார்ற ஒரே ஆள் என் தங்கச்சிதான்" என்று எல்லோரிடமும் சொல்வான்.

வடிகூடத்துக்கு அவள் வந்தது பானை கழுவ. கழுவ வந்தவள் பார்க்க ஆரம்பித்தாள். மேஸ்திரி மூக்கைக் கொண்டுபோகும் இடத்துக்கு அவள் கைப்பைக்குள் கிடந்த வட்டக் கண்ணாடியைக் கொண்டுபோனாள். மூடியின் ஓரமாக அதைப் பிடித்து நகர்த்துவாள். ஆவி கசிந்தால் கண்ணாடியில் மூட்டம் படியும். "பானை முன்னாடி நின்னு அலங்காரம் பண்ணிக்கிறா பாரு" என்பார்கள். குழாய் வாயில் விழும் நீரின் தடிமனைப் பார்ப்பாள். குழாயைத் தொட்டுச் சூடு பார்ப்பாள். பானை கொதிக்கும் சத்தத்தைக் கேட்பாள். அண்ணனிடம் பேருந்தில் வழியெல்லாம் அதையே பேசுவாள்.

"அண்ணா, புல்லு போட்டா ஒரு சத்தம், புதினா போட்டா ஒரு சத்தம். கேட்டிருக்கியா?"

"எனக்குக் கேக்கறது ஒரே சத்தம்தான். உன் வாய்."

முதல் பானை மேஸ்திரியுடையது. இரண்டாம் பானைக்கு நிரந்தர ஆள் இல்லை. வந்தவர்களெல்லாம் ஒரு பருவம் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு அந்தப் பானை வேண்டும். அண்ணனிடம் சொன்னாள், முதலாளியம்மாவிடமும் சொன்னாள். முதலாளியம்மா கெட்டவரில்லை. எதற்கும் உடனே சரி என்றோ இல்லை என்றோ சொல்லாதவர். "பார்க்கலாம்" என்பார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், வருடமும் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்த லாரி வந்தது.

பெரிய சாலை ஒன்றை அகலப்படுத்துகிறார்கள் என்று வரிசையாக நின்ற பழைய மரங்களை வெட்டியிருந்தார்கள். கற்பூர மரங்கள். தைல மரத்தை அப்படிச் சொல்பவர்கள் உண்டு. இது அது இல்லை. இலையைக் கசக்கினாலே கற்பூரம் மணக்கும் மரம். கிளையும் இலையுமாக முதலாளியம்மா ஒரு லாரி வாங்கிவிட்டார். மேஸ்திரி லாரியைச் சுற்றி வந்தார். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து கீழே போட்டார்.

"அம்மா, இது எனக்குப் பழக்கமில்லாத சரக்கு. என் பானையில இதை ஏத்த மாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா இத்தனை வருஷப் பேரு போயிடும்."

"வாங்கிட்டேனே மேஸ்திரி. காய்ஞ்சா குப்பைதானே?"

பானை கழுவிக்கொண்டிருந்தவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டாம் பானையில நான் ஏத்தறேன்மா."

மேஸ்திரி சிரித்த சிரிப்பு முற்றம் முழுக்கக் கேட்டது. "மோப்பம் இல்லாத நாயை வேட்டைக்கு அனுப்பப் போறீங்களா?"

அண்ணன் பாய்லர் கட்டடத்து வாசலில் நின்று இதைக் கேட்டான். கையிலிருந்த விறகுக்கட்டையை இறுக்கிப் பிடித்தான். அவன் பேசினால் அவளுக்காகப் பேசியதாகிவிடும். அவளுக்கு அது பிடிக்காது.

முதலாளியம்மா அன்று 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. "ஒரே ஒரு வடிப்பு. நல்லா வந்தா ரெண்டாம் பானை இனிமே உன்னுது. வரலேன்னா மறுபடியும் இலைக் கொட்டகைக்குப் போயிடணும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா."

பேருந்தில் அண்ணன் கேட்டான். "யாருக்கும் பழக்கமில்லாத இலைன்னு மேஸ்திரியே பயப்படறார். உனக்கு எதுக்கு இந்த விஷப் பரீட்சை?"

"பழக்கமான இலையை எனக்கு யாரு அண்ணா குடுப்பாங்க?"



செவ்வாய்க்கிழமை காலையில் இலைக் கொட்டகையில் கற்பூர இலை வெட்டினார்கள். மதியத்துக்குள் அந்த இடம் முழுவதும் கற்பூரம் ஏறிவிட்டது. முடியில், துணியில், குடிக்கிற தண்ணீரில், எல்லாவற்றிலும். முதலில் எல்லோரும் தும்மினார்கள். அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரே வாசனை நாளெல்லாம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அன்று அந்த வளாகத்தில் மூக்கு இருந்தவர்களுக்கும் மூக்கு இல்லை.

அவளே பானையில் இறங்கி இலையை அடுக்கினாள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இருந்தால் ஆவி தளர்ந்த வழியாகவே ஓடிவிடும் என்பதால், ஒவ்வொரு அடுக்கையும் காலால் மிதித்துச் சமப்படுத்தினாள். மூடியைப் போட்டு போல்ட்டை எதிரும் புதிருமாக முடுக்கினாள். சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, விடு."

"மெதுவாவா?"

"மெதுவா. கோவக்காரங்க வீட்டுக்குள்ள போற மாதிரி."

அவன் பெரிய வால்வைத் திறந்தான். அவள் தன் பக்கத்து வால்வைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் கழுத்துக் குழாய் சூடேறியது. குடத்தில் நீர் விழத் தொடங்கியது. முதலில் சொட்டு, பிறகு பென்சில் தடிமனில் ஒரு கோடு. எண்ணெய் மேலே திரண்டது. எண்ணெயோடு சேர்ந்து பொடிப்பொடியாக, மணல் போல, வெள்ளையாக ஏதோ மிதந்தது.

அவள் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் தன் பானையை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். குனிந்து பார்த்தவர் முகம் மாறியது.

"கற்பூரம்! கட்டியாவே விழுது பொண்ணே!" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மூக்கியின் பானை என்பதையே மறந்துவிட்டார். "குளுந்ததும் உறையுது பார். குளிர்ச்சி கூடுனா இன்னும் விழும்." அப்படிச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

குளிர்தொட்டி சுவருக்கு வெளியே இருந்தது. பானைக்குப் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. குழாயின் முனை மட்டும்தான் உள்ளே இருக்கும். அவளும் பானையை விட்டு நகரவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

மதியம் தாண்டியது. அண்ணன் விறகு போட்டுவிட்டு பாய்லரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தான். நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. அப்போது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"அண்ணா, ஆவியைக் குறைச்சியா?"

"இல்லையே. ஏன்?"

"கோடு மெலிஞ்சிருச்சு."

"இலை தீர்ந்திருக்கும்."

"அதுக்குள்ள தீராது." முகம் மறைந்தது.

பென்சில் தடிமன் ஈர்க்குச்சி தடிமனாகியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு அறுந்து சொட்டானது. வட்டக் கண்ணாடியை எடுத்து மூடியின் ஓரமாக நகர்த்தினாள். மூட்டம். இன்னொரு பக்கம் பிடித்தாள். அங்கும் மூட்டம். எங்கே பிடித்தாலும் மூட்டம். காலையில் எதிரும் புதிருமாக அத்தனை கவனமாக முடுக்கிய மூடி சுற்றிலும் கசிந்தது. வேறு நாளாக இருந்தால் இவ்வளவு கசிவை மேஸ்திரியின் மூக்கு முற்றத்திலிருந்தே பிடித்திருக்கும். அன்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் யோசித்தது ஒரு மூச்சு நேரம்தான். உள்ளே போவது குறையவில்லை. வெளியே வருவது நின்றுவிட்டது. அப்படியானால் அது பானைக்குள் இருக்கிறது.

"அண்ணா! ஆவியை மூடு! மூடு!"

அவள் குரலை அவன் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு கையாலும் பெரிய வால்வைச் சுற்றினான். அவள் தன் பக்கத்து வால்வைச் சுற்றினாள். மூடிய பிறகும் குழாய்க்குள் சீறும் சத்தம் நிற்கவில்லை. பழைய வால்வுகள்; எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொண்டேதான் இருக்கும். வேறு நாட்களில் அது யாருக்கும் தொந்தரவாக இருந்ததில்லை. கழுத்து திறந்திருக்கும்வரை அந்தப் பானை எவ்வளவு ஆவியையும் தாங்கும். கழுத்து அடைத்தால் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல அது.

போக இடமில்லாத ஆவியால் பாய்லரின் முள் ஏறத் தொடங்கியது. அண்ணன் அடுப்புக் கதவைத் திறந்து, நீளக் கம்பியால் தணலை வெளியே இழுத்தான். இழுத்ததை முற்றத்துக்குத் தள்ளி மணலை அள்ளிப் போட்டான். கற்பூரம் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பது அவனுக்குத் தெரியும். மேலே பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு வீறிட்டது. அந்தச் சத்தத்தில் இலைக் கொட்டகை முழுவதும் முற்றத்துக்கு ஓடி வந்துவிட்டது.

டின் அடைக்கும் தடியர் ஒருவர் உண்டு. எதையும் பலத்தால் முடித்துவிடலாம் என்று நம்புபவர். பெரிய ஸ்பானரோடு வடிகூடத்துக்குள் ஓடினார். "மூடியைத் தளர்த்திடலாம்! ஆவி போயிடும்!"

அவள் அவருக்கும் பானைக்கும் நடுவில் போய் நின்றாள். "ஒரு போல்ட்டைத் தொட்டீங்க, மூடியும் உங்க மூஞ்சியும் சேர்ந்து கூரைக்குப் போகும். ஸ்பானரைக் கீழே போடுங்க."

"ஏம்மா, நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதை வெளியில நின்னு பண்ணுங்க. எல்லாரும் முற்றத்துக்குப் போங்க!"

அண்ணன் உள்ளே வந்தான். மூடியின் ஓரத்திலிருந்து ஆவி விசில் போல அடித்தது. போல்ட்டுகளைச் சுற்றி நீர் கொதித்துக் குமிழியிட்டது. அவள் பானையின் அடியிலிருந்த கழிவுத் திருகைத் திறந்திருந்தாள். இலைத்தூள் அடைத்து இரண்டு சொட்டு கறுப்பு நீர் மட்டும் வந்தது.

"நீயும் வெளியே வா. தானா ஆறட்டும்."

"வால்வு கசியுது, கேக்கலையா? ஆறாது. ஏறும்." அவள் குழாய் முனையைத் தொட்டாள். கையை உடனே எடுத்துக்கொண்டாள். சூட்டினால் இல்லை. "ஐயோ, அண்ணா. இதென்ன இவ்வளவு சில்லுனு இருக்கு?"

வெளியே ஓடினாள். அவனும் பின்னால் ஓடினான். குளிர்தொட்டியின் ஓரத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். காலடியில் நனைந்த கோணிச்சாக்கு. தொட்டிக்குள் சுருள் குழாயைச் சுற்றிப் பெரிய பெரிய ஐஸ் கட்டிகள் மிதந்தன. அவர் பாதுகாப்பு வால்வு அலறுவதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் விழட்டும்னு..." என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குடத்தில் விழுந்து உறைய வேண்டியது குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டது. எந்த இலைக்கும் பொய்க்காத கணக்கு இந்த இலைக்குப் பொய்த்துவிட்டது. சண்டை போட அவள் நிற்கவில்லை. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் தரையில் பாய்ந்தது. ஐஸ் கட்டிகளை வெறுங்கையால் அள்ளி வெளியே எறிந்தாள்.

"அண்ணா, பாய்லர்ல சுடுதண்ணி இருக்குமில்ல?"

"பாய்லருக்குத் தண்ணி ஊத்தற தொட்டியில இருக்கு. கை பொறுக்காத சூடு."

"கொண்டா. இருக்கறதெல்லாம் கொண்டா. மேஸ்திரி ஐயா, நிக்காதீங்க, வாளி எடுங்க!"

அந்த இடத்தில் மேஸ்திரிக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. அவர் வாளியை எடுத்தார்.

முற்றத்தில் வரிசை கட்டி வாளி கைமாறியது. தடியரும் ஸ்பானரைப் போட்டுவிட்டு வாளி தூக்கினார். அண்ணன் தொட்டியிலிருந்து மொண்டு கொடுத்தான். மொண்டு கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் சுவருக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் முன்னைவிடக் கூர்மையாகக் கேட்டது. அடைப்பைத் திரும்பச் செருகியதும் சுடுநீர் சுருள் குழாயை மூழ்கடித்தது. முதலில் ஊற்றியது உடனே ஆறியது. அதை வடித்துவிட்டு மறுபடி ஊற்றினார்கள்.

அவள் வடிகூடத்துக்குள் திரும்பினாள். கண்ணாடிக் குடத்தைக் குழாய் வாயிலிருந்து நகர்த்தி மூலையில் வைத்தாள். வாய்க்கு நேராக இருந்த எல்லாவற்றையும் தள்ளினாள். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவள் சுவரோடு சுவராக, பானைக்கும் கதவுக்கும் நடுவில், கையை மட்டும் நீட்டிக் குழாயைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"வெளியே வந்துடு! சொல்றேன் இல்ல!"

"வெதுவெதுப்பு வருது. இன்னும் ஊத்தச் சொல்லு."

"அது வெடிச்சா நீ நிக்கிற இடம் மிஞ்சாது!"

"அதனாலதான் ஊத்தச் சொல்றேன்."

அவனுக்குக் கெட்ட வார்த்தை வந்தது, விழுங்கினான். கடைசி வாளியை மொண்டான். தொட்டியின் அடி தெரிந்தது. இனி கொடுக்க எதுவும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பானையிலிருந்து ஒரு முனகல் வந்தது. இரும்பு நெளியும் சத்தம். அம்மா செத்தபோது தங்கையின் தலையைத் தன் மடியில் சாய்த்துவைத்திருந்தது அவனுக்கு ஏனோ நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பு இப்போது வரக் கூடாது என்று தலையை உதறினான்.

"சூடு வந்துருச்சு" என்றாள். கையை எடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் தாவினாள்.

தொப்பென்று ஒரு சத்தம். குழாய் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு உருளை பாய்ந்து எதிர்ச் சுவரில் மோதிச் சிதறியது. பின்னாலேயே ஆவி ஒரு பெருமூச்சாகக் கொட்டியது. வடிகூடம் முழுக்க வெண்மூட்டம். விசில் தணிந்தது, தாழ்ந்தது, நின்றது. பாதுகாப்பு வால்வும் ஏற்கெனவே அடங்கியிருந்தது. அவ்வளவு அமைதியில், எங்கேயோ ஒரு வாளி கீழே விழுந்து உருண்டது.

அண்ணன் மூட்டத்துக்குள் நுழைந்தான். அவள் கதவோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐஸில் சிவந்த கைகளை அக்குளில் வைத்துக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் கற்பூரம் பனி போல ஒட்டியிருந்தது.

"வாசனை எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியல. எனக்கும் மூக்கு போயிடுச்சு" என்றான். அவள் சிரித்தாள். 

யாரோ சொல்லி முதலாளியம்மா வந்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார். முற்றத்து ஈரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "ஒரு வடிப்புன்னு சொன்னேன்" என்றார். கோபத்தைவிட அலுப்புதான் அதில் அதிகம்.

அண்ணன் வாயைத் திறந்தான். ஐஸைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் முந்திக்கொண்டாள்.

"தொட்டி ரொம்பக் குளுந்து போச்சும்மா. அதான் அடைச்சிருச்சு. இந்த இலைக்கு வெதுவெதுப்பான தண்ணி வெச்சாத்தான் சரிப்படும்."

"ஏன் குளுந்துச்சு?"

மேஸ்திரி கையில் இன்னும் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்தார்.

"ஐஸ் போட்டது நான்" என்றார். "மூக்கிக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"உங்களை யாரு கேட்டா மேஸ்திரி?"

"யாரும் கேக்கல. அவளையும் நான் கேக்கல. கேட்டிருந்தா இது நடந்திருக்காது."

முதலாளியம்மா அவளிடம் திரும்பினார். "வடிப்பு முடிஞ்சுதா?"

"பாதி இலை இன்னும் பானையிலதான் இருக்கும்மா."

"அப்போ இன்னும் முடியல. என்ன பண்ணப்போற?"

அவள் எழுந்தாள். மூடியைக் கழற்றி, போல்ட்டுகளையும் கேஸ்கெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெளிந்த இரண்டை மாற்றினாள். கழிவுத் திருகில் அடைத்த தூளைக் கம்பியால் குத்தி எடுத்தாள். இதெல்லாம் முடிந்த பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணா, தீ மூட்டு."

அண்ணன் அசையவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஈர இலை நாளைக்கு அழுகிடும்."

"அழுகட்டும்! எனக்கு எலும்பும் தோலுமா ஒரே தங்கச்சி. அந்தப் பானைக்கு மறுபடியும் என் கையால ஆவி அனுப்ப மாட்டேன். இலைக் கொட்டகையில உட்கார்ந்தா என்ன குறைஞ்சு போகுது? யாராவது உன்னைக் கேவலமா பார்க்கிறாங்களா?"

அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"உன்னைவிட நல்லா ஆவி அனுப்பற ஆள் இங்க இல்ல. அதான் உன்னைக் கேக்கறேன். நீ மாட்டேன்னா நானே வந்து மூட்டுவேன். எனக்குத் தீ சரியா மூட்டத் தெரியாது. அப்போதான் ஏதாவது ஆகும்."

"மிரட்டறியா?"

"கெஞ்சறேன். உனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவன் முற்றத்துக்குப் போய் மணலைக் கிளறினான். கீழே கொஞ்சம் தணல் மிச்சம் இருந்தது. அள்ளிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டான். சுள்ளி வைத்து ஊதினான். புகையில் கண் எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள நல்ல சாக்கு.

அன்று மேஸ்திரி தன் பானையை அணைத்துவிட்டார். குளிர்தொட்டியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரில் கையை வைத்துப் பார்த்து, சூடு குறைந்தால் ஒரு வாளி சேர்க்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் உள்ளே எட்டிப் பார்த்து, "போதுமா பொண்ணே?" என்று கேட்டார். அவள் குழாயைத் தொட்டுப் பார்த்துப் போதும் என்றாள், அல்லது இன்னும் என்றாள். அண்ணன் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோடு மெலியவே இல்லை. குடத்தில் எண்ணெயும், எண்ணெயின் மேல் வெள்ளைக் கற்பூரமும் திரண்டுகொண்டே இருந்தன. பொழுது சாயும்போது நீர் மட்டும் வெறுமனே விழுந்தது. அவள் உள்ளங்கையில் ஏந்தி, விரலால் தேய்த்துப் பார்த்து, "அண்ணா, நிறுத்து" என்றாள்.

மறுநாள் காலையில் கற்பூரத்தைத் துணியில் கட்டிப் பிழிந்து, எண்ணெயை வடிகட்டி டின்களில் நிரப்பினார்கள். தடியர் மூடி அடைத்து முத்திரை வைத்தார். அங்கிருந்து போகும் ஒவ்வொரு டின்னின் கழுத்திலும் ஒரு அட்டை கட்டுவது வழக்கம். யார் வடித்தார்களோ அவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளியம்மா அட்டையையும் பேனாவையும் கொண்டுவந்தார். பழக்கத்தில் மேஸ்திரியிடம் நீட்டினார்.

மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் வடிக்கல. ரெண்டாம் பானைக்காரிகிட்ட குடுங்க."

அவளுக்கு அதுவரை கையெழுத்துப் போடும் வேலை எங்கும் வந்ததில்லை. வருகைப் பதிவில் அண்ணன் தன்னுடையதைப் போடும்போது அவளுடையதையும் சேர்த்துப் போட்டுவிடுவான். பேனாவை வாங்கி அவனைப் பார்த்தாள்.

"எப்படிப் போடணும்?"

"உன் பேரை எழுது. அவ்வளவுதான்."

"உன்னுது மாதிரி சுழிச்சுப் போடணுமா?"

"அது என் கிறுக்கல். உனக்கு எதுக்கு?"

அவள் டின்னின் மேலேயே அட்டையை வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, இடைவெளி விட்டு, முடித்த பிறகு ஒரு புள்ளியும் வைத்து, தன் பெயரை எழுதினாள். 1998-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம் 19-ஆம் தேதி, புதன்கிழமை.